கூட்டாத தரை

ரோமாபுரிச் செல்வர் வீட்டுத் தரைகளைப் பற்றி
நூற்றுப் பதினெட்டுப் பக்கம் எழுதினேன்.
ஒன்றைக்கூடக் கண்டதில்லை.
நூலகத்தில் அட்டை கழன்ற ஒரு புத்தகம்,
அதிலும் பாதிப் படங்கள் கறுப்பு வெள்ளை.
பட்டம் தந்தார்கள். வேலை தரவில்லை.

ஆகவே இப்போது
ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே, பாலை முறிந்து கிடக்கும் ஒழுங்கையில்,
தில்லையம்பலத்தார் வீட்டு ஹோலில்
முழங்காலில் நிற்கிறேன்.
முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி.
மார்பில் ஏழு கிலோக் கவசம்.
வகுப்பில் பிடித்த அதே மேசன் கரண்டி, அதே தூரிகை,
அதே நூல் கட்டிய சதுரங்கள்.
அங்கே ஒரு சதுரம் முடிந்தால் படம் வரைவோம்.
இங்கே முடிந்தால் தண்ணீர் குடிப்போம்.

கூரை போய்விட்டது. ஓடு, தீராந்தி, கதவு நிலை,
யன்னல் கம்பி, கிணற்றுக் கப்பி, கடைசியில் செங்கல்லும்.
தரையைத்தான் எவராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.
நெல்லு மில் வைத்திருந்த மனுசன்
எழுபத்து நாலிலோ ஐந்திலோ
உடைந்த பீங்கானைக் கொழும்பிலிருந்து லொறியில் இறக்கினாராம்.
எங்கள் அணித்தலைவி கொறற்றி சொல்கிறாள்.
அவளுக்கும் யாரோ சொன்னது.

மண் விலக ஒரு நீலம் வருகிறது.
பிறகு தங்கக் கோடு ஓடிய வெள்ளை.
பிறகு யாருடையதோ தேத்தண்ணிக் கோப்பையின் காது,
சீவாமல், அப்படியே, ஒரு பூவின் நடுவில்.

என் ஆய்வின் நாலாம் அத்தியாயம்: கூட்டாத தரை.
விருந்து முடிந்து சிதறிக் கிடப்பவற்றை
நிறக்கல்லால் பதித்து வைப்பார்கள்.
மீன்முள், நண்டுக்கால், கோழியெலும்பு,
வாதுமைக் கோதைக் கொறிக்கும் ஒரு சுண்டெலி.
ஒவ்வொன்றுக்கும் நிழலும் உண்டு.
விளக்குமாறு தோற்கும் தரை என்று எழுதியிருந்தேன்.
பரீட்சகர் அந்த வரியைச் சிவப்பால் வெட்டினார்.

இந்தத் தரையையும் எவரும் கூட்டவில்லை.
பதினோராம் சதுரத்தில் வளைந்த கரண்டி.
பன்னிரண்டில் கோதுகள், நாற்பத்தொன்று.
(கோது என்றால் இங்கே வாதுமை இல்லை.)
பதின்மூன்றில் ஒரு குழந்தையின் இடக்கால் செருப்பு,
பட்டி இன்னும் பூட்டியபடி.
இவற்றை எந்த மேசனும் பதிக்கவில்லை.
நிழலை வெயில்தான் போடுகிறது.

ஹோலின் நடுவே ஒரு பள்ளம்.
ஷெல் விழுந்த பள்ளமென்று நினைத்தேன்.
இல்லை, விளிம்பு நேராக இருந்தது.
வீட்டுக்குள்ளேயே பங்கர் வெட்டியிருக்கிறார்கள்.
அலவாங்கால் அடித்துடைக்காமல்,
உளியால் ஒவ்வொரு துண்டாகக் கிளப்பி.

அடுத்த சதுரத்தில் கருவி கத்தியது.
பால்மா ரின். மூடியோடு.

மூடிய ரின்னை நாங்கள் திறப்பதில்லை, அது சட்டம்.
நூறு மீற்றர் பின்னால் போய்
தகரப் பந்தலின் கீழ் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம்.
ஒருவரும் கதைக்கவில்லை.
செபநேசன் வயிற்றால் ஊர்ந்து போனான்.
நெடுநேரம்.
பிறகு எழுந்து, கவசத்தைக் கழற்றி,
“வாருங்கோ, உங்கட பாடம்தான்” என்றான்.

உள்ளே பீங்கான் துண்டுகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஆணியால் கீறிய இலக்கம்.
ஏழு வரும் இடமெல்லாம்
கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிய ஏழு.
அதனால் அந்தச் செருப்பை
இன்னொருமுறை நான் பார்க்கவில்லை.

அரிசிச் சாக்கை விரித்து அடுக்கினோம்.
நூற்று நாற்பது வரை. வால், செதில், செவுள்.
குளத்து விரால்.
மிஞ்சியது இரண்டு கண்.
பக்கவாட்டில் கிடக்கும் மீனுக்கு
ஒரு கண் போதும்.

கொறற்றி மற்றதை உள்ளங்கையில் உருட்டினாள்.
“அப்ப மற்ற மீன்?”

ஒப்படைப்புப் படிவத்தில்
உலோகத்துக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது.
ரின், ஒன்று, என்று எழுதினேன்.
நாளைக்குப் பதினெட்டாம் சதுரம்.
மற்ற ரின் அங்கே இருக்கலாம்.
அல்லது உரப்பைக்குள், சோற்றுப் பானையோடு,
கடற்பக்கம் நடந்து போயிருக்கலாம்
கண்ணில்லாத மீன்.