இரண்டு கிரயம்

தேவகோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
முப்பத்தொரு வருடமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
ஒரு நிலத்துக்கு இரண்டு கிரயம் இருந்தால்
எனக்குத் தூக்கம் வராது.

யூதாசின் நிலத்துக்கு இருக்கிறது.
வரி வசூலித்தவர் எழுதுகிறார்:
காசைக் கோயிலில் வீசிவிட்டுப் போய்த் தூக்கு மாட்டிக்கொண்டான்,
குருக்கள் அந்தக் காசில் குயவன் நிலத்தை வாங்கினார்கள்.
வைத்தியர் எழுதுகிறார்:
அவனே வாங்கினான்,
தலைகுப்புற விழுந்து வயிறு பிளந்து செத்தான்.
சர்வே எண் இல்லை. நான்கெல்லை இல்லை.
இரத்த நிலம் என்ற பெயர் மட்டும்
இரண்டிலும் ஒத்துப்போகிறது,
யாருடைய இரத்தம் என்பதைத் தவிர.

கிரயத்தை நானே தீர்த்துவிட்டேன்.
பணம் யாருடையதோ நிலம் அவருடையது,
குருக்கள் வெறும் கை.
எத்தனை தோப்புகளை அப்படி எழுதியிருக்கிறேன்.

சாவுக்குத்தான் வழி தெரியவில்லை.
தவக்காலத் தியானத்தில் சாமியார் சொன்னார்:
முதலில் தூக்கு,
அப்புறம் கயிறு அறுந்தது,
அப்புறம் விழுந்தான்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
கயிறு அறுந்ததை இரண்டு பேருமே எழுதவில்லையே சாமி
என்று கேட்க வாயெடுத்தேன்.
பெண்கள் பக்கத்தில், தூணருகே,
தம்பி மனைவி பாக்கியசீலி இருந்தாள்.

இஞ்ஞாசிக்கும் இரண்டு சாவு.
காவல்நிலைய வாக்குமூலத்தில்
செம்புறாங்கல் குழியோரம், புளியமரம், தாம்புக்கயிறு.
கல்லறைப் பதிவேட்டில்
குழியில் கால் தவறி.
இரண்டும் என் கையெழுத்து.
ஒரே பேனா, ஒரே மத்தியானம்.

சீட்டுப் பணத்தை எடுத்தவன்தான், மறுக்கவில்லை.
திருப்பி வீச அவனுக்கு
ஒரு கோயில்கூடக் கிடைக்கவில்லை.
மதிலுக்கு வெளியே புதைக்கலாமே என்று
உபதேசியார் இழுத்தபோது
பதிவேட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.
உள்ளே இடம் கிடைத்தது. தென்மூலை, குழாயடி.

அந்த வைத்தியரைச் சில ராத்திரிகளில் நினைத்துக்கொள்கிறேன்.
விழுந்தான் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?
குடல் சரிந்ததையும் சேர்த்தல்லவா எழுதியிருக்கிறார்,
பரிந்து எழுதியதாய்ச் சொல்ல முடியாது.
ஆனாலும் கயிற்றைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.
யூதாசுக்கு அண்ணன் இருந்தானா என்று
எந்த அதிகாரத்திலும் இல்லை.

தியானம் முடிந்து
ஊருணிக் கரையோடு வரும்போது
பாக்கியசீலி நடையைத் தளர்த்தினாள்.
'கயிறு அறுந்திருக்குமா அத்தான்?'

எந்தக் கயிறு என்று நான் கேட்கவில்லை.

'அறுந்திருக்கும்' என்றேன்.