எச்சில் தண்ணீர்

முன்பு ஜவுளிக்கடை.
பிளக் ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டை.
மூன்றாவதைக் கழற்றி டார்ச் அடித்தேன்,
உள்ளே ஒரு சிலந்தி.
வயர் இல்லை.

புடவைக்கு எதற்கு எர்த் என்று
விட்டிருப்பார்கள், சரிதான்.
இப்போது நஸ்ரீன் டாக்டர் அங்கே
பல் நாற்காலி போடப்போகிறார்.

'பத்து பாயின்ட்டுக்கா இந்த ரேட்டு, திம்மராஜு?'
கட்டட ஓனர் கேட்டார்.

அண்ணே, தோல்தான் மனுசனுக்கு முதல் இன்சுலேசன்.
காய்ந்த கையென்றால்
கரண்ட் கொஞ்சம் யோசிக்கும்.
வாய்க்குள்ளே தோல் ஏது?
எச்சில் ஊறி, ரத்தம் கசிந்து,
நடுவில் இரும்பு சுற்றும்போது
அது எதற்கு யோசிக்கணும்?
ஊசி போட்டு மரத்த உதடு
சுரீரென்றால்கூடச் சொல்லாது.

அதனால் பச்சை வயர் ஒரு வழி,
அதைச் சுமக்கிற இரும்புப் பைப்பே இன்னொரு வழி.
நாற்காலி, விளக்கின் கை,
துப்புகிற தொட்டியின் குழாய், ஜன்னல் கம்பி,
படுத்திருப்பவர் கை எட்டுகிற உலோகமெல்லாம்
ஒரே பேச்சு பேசணும்.
ஒன்று ஒன்றரை என்று, இன்னொன்று இரண்டு என்றால்
பஞ்சாயத்து நடப்பது
இடையில் கிடக்கிற உடம்பில்.

மேல்வேலை நாலு நாளில் முடிந்தது.
கீழே, பர்கூர்.
மூன்றடியில் பாறை.
ஊரையே அறுத்து, மெருகேற்றி, லாரியில் அனுப்புகிறார்கள்,
எனக்கு ஒரு குழிக்கு வழியில்லை.
கடப்பாரை முனை மழுங்கியது.
கரி, உப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு.
மீட்டரில் பதினெட்டு ஓம்.
'போர் பைப்பில் கட்டிவிடேன்.'
போர் பைப் பிளாஸ்டிக் ஆகி எட்டு வருசம்.

பின்சுவர் ஓரத்தில்
சென்னகேசவன் டீக்கடையிலிருந்து
கிளாஸ் கழுவிக் கொட்டுகிற இடத்தில் மட்டும்
சேம்பு தழைத்திருந்தது.
சேம்பு பொய் சொல்லாது.
அங்கே இறங்கியது கடப்பாரை,
ஏழடி, எட்டடி, கறுத்த ஈரம்.
ஒன்று புள்ளி ஆறு.
நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன்.
ஒன்று புள்ளி ஆறு.

டாக்டர் சிரிக்கவில்லை.
நோட்டில் எழுதிக்கொண்டார்:
டீக்கடை லீவு விட்டால், இரண்டு பக்கெட்.

சென்னகேசவனுக்கு ஒன்றும் தெரியாது.
மாங்கூழ் கம்பெனி ஷிப்ட் விட்டதும்
அறுபது எழுபது வாய் பட்ட கிளாஸ்களை
கலகலவென்று ஒரே வாளியில் முக்கி
திரும்பிப் பார்க்காமல் விசிறுகிறார்.
சுவருக்கு அந்தப்பக்கம்
யாரோ ஆவென்று வாயைத் திறந்துவைத்திருக்கிறார்கள்.

'அடுத்த மாசத்திலிருந்து பேப்பர் கப்பு,
கழுவுற வேலை மிச்சம்' என்றார் நேற்று.

டீ தொண்டையில் நின்றது.
எனக்குக் கிளாஸ்தான் வேணும் என்றேன்.
குடித்து முடித்துக் கொடுத்துவிட்டு
அவர் அதைக் கழுவி
ஊற்றுகிறவரை
அங்கேயே நின்றேன்.