வெற்று எடை

முதுநகர் தாண்டி, சிதம்பரம் சாலையில்,
லாரிகளுக்கு எடை போடுவது என் வேலை.
ஏற்றி வந்தால் மொத்த எடை.
இறக்கிவிட்டுத் திரும்பினால் வெற்று எடை.
கழித்தால் சரக்கு.
உப்பு, கருவாடு, முந்திரித் தோல், பழைய இரும்பு,
பதினாறு வருடமாக எல்லாவற்றையும் கழித்திருக்கிறேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் என்னை ஏற்றிய மெஷின்
நூற்றுப் பத்தொன்பது என்றது.
டாக்டர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்தார்,
பெரிய பலாச்சுளை மாதிரி.
நெடுக ஒரு கோடு போட்டார்.
இந்தப் பக்கம் உங்களுக்கு,
அந்தப் பக்கம் வெட்டி எடுத்துவிடுவோம்.
பசியைக் கிளப்புகிற சுரப்பு
பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் என்றார்,
தீபாவளி போனஸ் அறிவிக்கிற முதலாளி முகத்தோடு.

சிரித்துவைத்தேன்.
பஸ் பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போதுதான்
கேட்கத் தோன்றியது:
பெரும்பாலும் என்றால், மீதி?

மீதிப் பசி வந்து கதவைத் தட்டினால்
வாழைக்காய் அளவு வயிற்றை வைத்துக்கொண்டு
அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பதினான்கு நாள் தண்ணீர் ஆகாரம்.
ஈரல் சுருங்க வேண்டுமாம்.
காலையில் வெனிலா என்று எழுதிய சுண்ணாம்பு மாவு,
பதினொன்றுக்கு மோர்,
மதியம் பருப்பைக் காட்டிவிட்டு எடுத்த தண்ணீர்.
தண்டபாணி இப்போதெல்லாம்
வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறார்,
எனக்காக.
சோப்பையும் மீறி விரலில் மத்தி வறுவல்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
தூங்கிய பிறகு அந்தக் கையை
என் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் ராத்திரி
பையன் தட்டில் ஒதுக்கியிருந்த தோசை விளிம்பை
குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
அது ஊறி, வெளுத்து,
யாருக்கும் ஆகாததாகும்வரை.

எப்போதெல்லாம் சாப்பிடுவீர்கள் என்று
கவுன்சலிங்கில் அந்தச் சின்னப் பெண் கேட்டாள்.
லாரி வராதபோது.
வந்தால்?
வந்து போன பிறகு.
அவள் எழுதிக்கொண்டாள்.
நாலு மணிக்கு எதிர்க்கடையில்
வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் இறங்கும் சத்தம் கேட்டால்
யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கும்,
அதை எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை.
நாளெல்லாம் வண்டி எண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ரெஜினாவை அங்கேதான் பார்த்தேன்.
முத்தியால்பேட்டை.
ஆபரேஷன் ஆகி ஏழு மாதம்.
சுடிதாரை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தாள்.
பசிக்குமா என்று கேட்டேன்.
கையிலிருந்த போனைக் காட்டினாள்.
"அலாரம் வெச்சிருக்கேன்க்கா. அடிச்சா நாலு ஸ்பூன்.
ஒரு நாள் சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிடுச்சு.
சாயந்திரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியல."
டோக்கனைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.
"வலிக்கெல்லாம் அழல. அன்னிக்குத்தான் அழுதேன்."

அதிலிருந்து என் பயம் இடம் மாறிவிட்டது.
பசி வந்தால் என்ன செய்வது என்று இருந்தவள்
வராவிட்டால்,
நாலு மணிக்கு நான் யார் என்று யோசிக்கிறேன்.
மூட்டு சொல்கிறது, போய்ப் படு.
சர்க்கரை ரிப்போர்ட் சொல்கிறது, போய்ப் படு.
படுக்கத்தான் போகிறேன்.

நாளை அட்மிஷன்.
கடைசி வண்டி போனதும் கேட்டைச் சாத்திவிட்டு
முதல்முறையாக எடைமேடையில் நானே ஏறினேன்.
சுற்றிலும் இரும்பு, நடுவில் என் செருப்பு.
நாற்பது டன் தாங்கும்,
பத்து கிலோவுக்குக் கீழே கணக்குத் தெரியாது அதற்கு.
உள்ளே வந்து பார்த்தால் பூஜ்யம்.
வாட்ச்மேன் மாசிலாமணியை விட்டுப் படிக்கச் சொன்னேன்.
நூற்றிருபது என்று கத்தினார்.
பதினான்கு நாளில் மூன்று கிலோ பட்டினி கிடந்தேன்,
அது எண்ணில் ஏறவில்லை.

சீட்டு அடித்தார், பழக்க தோஷம்.
வண்டி எண், காலி.
மொத்த எடை, நூற்றிருபது.
வெற்று எடை,
திரும்பி வந்த பிறகு.

நான்காக மடித்து
ஸ்கேன் ரிப்போர்ட் கவரில் வைக்கும்போது
வயிறு ஒருமுறை இரைந்தது.
கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா,
தெரியவில்லை.