நிமிசத்துக்குப் பன்னிரண்டு

பாவிச்ச சேலைன் செற் ஒன்று கேட்டு
மீன்பெட்டியோடு வாட்டு வாசலில் நின்றான் அமலதாஸ்.
ஆருக்கு என்றேன்.
மோட்டச்சைக்கிளுக்கு என்றான்.

கிழமைக்கு நாலு லீற்றர் கோட்டா.
முல்லைத்தீவுக் கரையிலிருந்து மல்லாவிக்கு
ஐஸ் கரையமுதல் வந்து சேரவேணும்.
நாலு லீற்றர் வியாழனோடு சரி.
வெள்ளி எப்படியும் ஊர் சைவம்.
சனியும் ஞாயிறும்தான் இடிக்குது மிஸ்.

பெற்றோலில் தண்ணி என்று
போன மாதம் செட்டில் சண்டை பிடித்தவனும் இவன்தான்.
கேட்டால்,
அது அவங்கள் கலந்தது
இது நான் கலக்கிறது.

காபரேற்றருக்கும் இஞ்சினுக்கும் நடுவே
ரப்பர் கழுத்தில் ஊசித் துளை.
ஹாண்டிலில் தலைகீழாய்ப் போத்தல்.
இஞ்சின் மூச்சிழுக்கத் துளியும் இழுபடும்,
உள்ளே ஆவியாகி
எரியாததும் ஒரு கை கொடுக்கும்
என்பது அவன் கணக்கு.
எத்தனை துளி என்பது மட்டும் தெரியாது.
அதற்குத்தான் நான்.

வேலை முடிந்து, மருதமர நிழலில்
மணிக்கூட்டைப் பார்த்து உருளையைத் திருகினேன்.
முப்பதில் இருமியது.
இருபதில் முனகியது.
பன்னிரண்டில் சீராக மூச்சு விட்டது.

கொப்பில் போத்தல் கட்டி
வெளிச்சம் போடப் பயந்து
குழாயில் விரல் வைத்துத் துளி எண்ணிய
ஒரு மாசி மாதம்
என் கைக்கு ஞாபகம்.
கை ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணியது.

முதல் கிழமை,
நாற்பத்தாறு ஓடினது ஐம்பத்தொன்று ஓடுது மிஸ்!
பெரிய விளைமீன் ஒன்று, காசு வேண்டாமாம்.
மூன்றாம் கிழமை மாங்குளத்துத் தேத்தண்ணிக் கடையில்
உருளையைப் பூட்ட மறந்துபோனான்.
அரைப் போத்தலையும் குடித்துவிட்டுக் கிடந்தது இஞ்சின்.
பிளக்கைக் கழற்றி உதைக்க உதைக்க
திமிங்கிலம் மாதிரி ஊதினதாம்.

பிறகுதான் ஒத்துக்கொண்டான்.
துளி விழுதோ விழுதோ என்று
போத்தலையே பார்த்தபடி
முப்பத்தைந்துக்கு மேல் முறுக்கவில்லை.
மிச்சம் பிடித்தது
தண்ணியோ, பார்வையோ
அவனுக்கே தெரியாது.

குழாய் இப்போது இல்லை.
போத்தல் மட்டும் ஹாண்டிலில் ஆடுகிறது,
தலை நிமிர்ந்து, குடிக்கிற தண்ணியோடு.
மெல்லத்தான் ஓடுகிறான்.
கேற்றில் நிறுத்திக் கையசைக்கிறபோது
பின்பெட்டியில் உருகின ஐஸ்
தாரில் சொட்டுகிறது.
என்னை அறியாமல்
மணிக்கூட்டைத் திருப்பிப் பார்க்கிறேன்.