மேல்முறையீடு, இரண்டாம் பக்கம்

(முதல் பக்கத்தில் கட்டங்கள்தான்; அவற்றை நிரப்பிவிட்டேன்.)

உங்கள் கடிதம் செவ்வாயன்று வந்தது.
தபால்காரர் தெலோன்
படகை நிறுத்திக் கையிலேயே கொடுத்தார்.
என் தபால்பெட்டி சதுப்பில் கிடக்கிறது,
சிவப்புக் கொடி நிமிர்ந்தபடி,
எடுத்துப்போக ஏதோ இருக்கிறது என்று.

தகுதியில்லை என்கிறீர்கள்.
கீழே பொடி எழுத்தில்
இதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறீர்கள்.
இரண்டையும் மூன்று முறை படித்தேன்.
கண்ணாடி போன இடம் தெரியவில்லை,
கடையில் வாங்கிய கண்ணாடியால்.

முதலில் பெயர் விவகாரம்.
பேரிடரின் பெயர்: கொரீன்.
விண்ணப்பதாரர்: கொரீன்.
இரண்டு மணி நேரம் பியானோ கேட்கவைத்துவிட்டு
உங்கள் அலுவலகப் பெண் லைனுக்கு வந்தாள்.
சேதத்துக்குக் காரணம்?
கொரீன்.
சேதமடைந்தவர்?
கொரீன்.
தாமாகச் செய்துகொண்ட சேதத்துக்கு
உதவித்தொகை கிடையாதே அம்மா, என்றாள்,
உண்மையான வருத்தத்தோடு.
நான் சிரித்தேன்.
புயலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இரண்டாவது, உரிமைப் பத்திரம்.
இந்த இடத்தை அல்சிட் வாங்கியது
ஒரு பழைய படகு எஞ்சினும் நானூறு டாலரும் கொடுத்து.
கை குலுக்கினார்கள். நான் பார்த்தேன்.
விற்றவர் போய்விட்டார், அல்சிட்டும் போய்விட்டார்.
குலுக்கிய கைகளை நகலெடுத்து
இணைக்க வழியில்லை.
வரி ரசீதுகள் இருந்தன,
பிஸ்கட் டப்பாவில், அலமாரியின் கீழ்த்தட்டில்.
கீழ்த்தட்டு என்றால் உங்களுக்கே புரியும்.

தண்ணீர் என் வாசலைச் சரியாகக் கண்டுபிடித்தது.
அது பத்திரம் கேட்கவில்லை.

உங்கள் ஆய்வாளர் பதினோரு நிமிடம் இருந்தார்.
நல்ல பையன். ஒஹையோக்காரன்.
வேண்டாம் என்று சொல்வதற்குள் ஃபிரிட்ஜைத் திறந்தான்,
வெளியே ஓடினான்,
திரும்பி வந்தான், அதற்காக அவனை மதிக்கிறேன்.
சுவரில் கறைக்கோட்டை அளந்தான்:
நாற்பத்தெட்டு அங்குலம்.
அதற்கு மேலே இருந்தவை தப்பின என்று குறித்துக்கொண்டான்.
அவை வருமாறு:
கடிகாரம் ஒன்று, நான்கு இருபதில் நிற்கிறது.
அல்சிட்டின் தொப்பி.
எதற்கு அடித்தோம் என்று நினைவில்லாத ஓர் ஆணி.

தலைநகரில் பணம் ஒதுக்கியாயிற்று என்று
ரேடியோவில் சொன்னார்கள்.
எத்தனை பில்லியன் என்று சொல்ல வாயெடுத்தபோது
பேட்டரி தீர்ந்தது.
இங்கே, எங்கள் பயூவில் வந்து சேர்ந்தது
எவாரிஸ்ட்டுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்கினார்,
பூஞ்சைக்கு எட்டு கேன் பிளீச்.
மீதியில் எண்ணெயும் மாவும் வாங்கி
கரை முழுவதற்கும் மீன் வறுத்தார்.
உங்கள் செலவுக் கணக்கில்
இது எந்தத் தலைப்பில் வரும் என்று தெரியவில்லை.
அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். நானும் சாப்பிட்டேன்.

இத்துடன் இணைத்திருப்பவை:
கூரை இருந்த இடத்தின் படம்.
அல்சிட் இங்கே குடியிருந்ததற்குச் சாட்சியாக
பாதிரியார் எழுதிய கடிதம் (கறை காப்பி அல்ல).
நிலைக்கதவுச் சட்டத்தின் படம்.
அதிலுள்ள பென்சில் கோடுகள் பிள்ளைகளின் உயரம் அல்ல,
எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.
ஒவ்வொரு புயலுக்கும் தண்ணீர் ஏறிய உயரம்.
எல்லாம் அல்சிட்டின் கையெழுத்து,
கடைசிக் கோடு மட்டும் என்னுடையது,
ஸ்டூல் மேல் ஏறிப் போட்டேன்.
முப்பத்தொரு வருடம் ஒருவர்
அடுத்தவன் வீட்டில் கோடு போட்டுக்கொண்டிருப்பாரா?

பெரிய நாசம் செய்த புயலின் பெயரை
இனி யாருக்கும் வைக்கமாட்டார்களாம்,
ஓய்வு கொடுத்துவிடுவார்களாம்.
எவாரிஸ்ட் சொன்னார்.
ஆக, கொரீனுக்கு ஓய்வு.
எனக்கு அறுபத்தேழு ஆகிறது.
சனிக்கிழமை நண்டுக்கூடுகளைத் தூக்க வேண்டும்,
இருபத்திரண்டில் ஒன்பது கிடைத்திருக்கின்றன.
அன்று யாரையும் அனுப்பாதீர்கள்.
வேறு எந்த நாளும் இங்கேதான் இருப்பேன்.
வீட்டு எண் பலகை இல்லை.
சதுப்பில் கொடி தெரியும்.