இரண்டுக்கும் ஆகும்

முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும்
என்று சொல்லித்தான் விற்றார்.
ஷான்ட்கிளேர் பெட்டைகள் ஒன்பது, சேவல் ஒன்று.
வாழைப்பழப் பெட்டியில் காற்றுக்குத் துளையிட்டு
என் வண்டியின் முன்னிருக்கையில் ஏற்றிவிட்டார்.
தெளிவாய்ப் பாடு என்பது பெயரிலேயே இருக்கிறதாம்.
ஏரிக்கரைச் சாலை நெடுக
பத்தில் ஒன்றும் வாய் திறக்கவில்லை.

கொண்டை என்று சொல்ல ஏதுமில்லை,
சட்டைப் பொத்தானை நெற்றியில் தைத்தாற்போல் ஒரு சிவப்பு.
தாடியும் பெயருக்குத்தான்.
முன்னொரு காலத்தில் மடத்துத் துறவி ஒருவர்
இணைசேர்த்து இணைசேர்த்து
நீட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் உள்ளே இழுத்துவிட்டார்.
கியூபெக்கின் குளிர் கடிக்க
வெளியே எதுவும் மிச்சமில்லை.
எனக்குக் காதுமடலில் இரண்டு இடம் கறுத்திருக்கிறது.
அவர் என்னையும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

நானும் இரண்டுக்கும் ஆகிறவள்தான்.
நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை
நகராட்சி லாரியில் இரவெல்லாம் பனி தள்ளுகிறேன்.
ஆகஸ்டில் புளூபெர்ரி வாருகிறேன்.
இடையில் வரும் மாதங்களில்
முதுகு வலிக்கிறது.

கோழி உள்ளே போனதும்
கதவு தானே விழும் முட்டைக்கூடுகள் என்னுடையவை.
வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாய் விடுவிப்பேன்.
கால்வளையத்தின் நிறம் பார்த்து
அதே நிறப் பென்சிலால்
சுவர் நாட்காட்டியில் ஒரு கோடு.
ஜனவரியில் மூன்று வாரம் ஆகியும்
நீலத்துக்குக் கோடே இல்லை.
தீனி மூட்டையின் விலை
அதே தாளின் அடியில் எழுதியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை" என்றான் பக்கத்துப் பண்ணை கிஸ்லேன்.
"வெங்காயம் நான் கொண்டுவருகிறேன்."

ஞாயிறு, விடியுமுன்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு.
இறகு பறிக்க அடுப்பில் வெந்நீர் ஏற்றிவிட்டு
கொட்டகைக்குள் போனேன்.
தலைவிளக்கு வெளிச்சத்தில்
பரண்கம்பு முழுக்க வெள்ளை மூட்டைகள்,
கால்கள் எல்லாம் இறகுக்குள்.
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்து
ஆறாவதில் நீலம் கிடைத்தது.
நினைத்ததைவிடக் கனம்.
கையுறையைப் பல்லால் கழற்றி
வாலுக்குக் கீழே
இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரல் வைத்தேன்.
ஒரு விரல் போனால் சட்டி.
மூன்று போயின, தாராளமாய்.

உடம்பு பொய் சொல்லாது.
நாட்காட்டிதான் பொய்.
இடுகிறாள், எங்கோ இடுகிறாள்.

கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன்.
மற்றவை வாசல்வரை வந்து
பனியைப் பார்த்துத் திரும்பின.
அவள் மட்டும்
என் லாரி ஒதுக்கிய பாதை வழியே
நகராட்சி வரிகட்டிய குடிமகள்போல் நடந்து
தார்ப்பாய்க்கு அடியில் புகுந்தாள்.
உள்ளே போன கோடையின் பழக்கூடைகள்.
மேலிருந்த கூடையில்
ஊதாக் கறைமேல் பதினொன்று.
எல்லாம் கல்லாய் உறைந்து
நீளவாக்கில் வெடித்தவை.
அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்து
என்னை ஒரு கண்ணால் பார்த்தாள்.
மறு கண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

கத்தி என் கோட்டுப்பையில்.
கால்விரல்கள் மரத்துப்போயின.
இருபது நிமிடமோ, நாற்பதோ.
பிறகு ஊரையே எழுப்பும்படி கேறினாள்.
பாடத் தெரியாமல் இல்லை,
பாட ஏதாவது வேண்டியிருந்திருக்கிறது.

பன்னிரண்டாவதை எடுத்துக் கையுறைக்குள் போட்டேன்.
உள்ளங்கைக்கு வலித்தது, அத்தனை சூடு.

கிஸ்லேன் வெங்காயத்தோடு வந்து
சட்டியைத் திறந்து பார்த்தான்.
வெறும் தண்ணீர் கொதித்தது.
"அடுத்த வருஷம்" என்றேன்.
நிச்சயம் என்று சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.
வெங்காயத்தைப் பொன்னிறமாய் வதக்கி
ரொட்டியோடு தின்றோம்.

வெந்நீர் மிச்சம் இருந்தது.
வெடித்த பதினொன்றையும் அதிலே வேகவைத்து
ஓட்டோடு மசித்துக் கொட்டகையில் வைத்தேன்.
முதலில் ஓடிவந்தவள் நீலம்தான்.
தன்னுடையதென்று தெரிந்தோ தெரியாமலோ
ஒரு துணுக்கு விடாமல்
அலகைத் தரையில் துடைத்துத் துடைத்துத் தின்றாள்.