செவ்வாய் மாலை, ஃபிரேசர்பரோ

மருத்துவமனையிலிருந்து வந்தவர்
அட்டவணை ஒன்றை விரித்தார்:
காத்திருப்போர் நானூற்றுப் பன்னிரண்டு,
காலம் ஏழு மாதம்.
பிஸ்கட் தட்டை யாரும் தொடவில்லை.

முடிதிருத்தும் இன்னஸ் சொன்னான்:
"கழுத்தில் கத்தி இருக்கும்போதுதான்
இந்த ஊர் ஆண்கள் பேசுகிறார்கள்,
கண்ணாடியைப் பார்த்து.
பதில் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை."

செவிலி மோர்வன் பேனாவை மூடினாள்.
"சொல்ல வேண்டாம்.
எனக்கு ஒரு நாற்காலி போடு."

ஊனா வாய் திறக்கவில்லை.
அந்த ஏழு மாதத்தில்
ஐந்தாவதோடு நின்றுபோனவன் அவள் தம்பி.
கூட்டக் குறிப்பில், வந்திருந்தோர் பட்டியலில்
தன் பெயருக்குக் கீழே
அவன் பெயரையும் எழுதினாள்.
யாரும் அதை அழிக்கவில்லை.

இப்போது செவ்வாய்தோறும்
படகுகள் கரைசேர்ந்த பின்னும்
கடையில் விளக்கு எரிகிறது.
வாசலில் பலகை கிடையாது;
மனநலம் என்று எழுதினால்
வந்த வழியே கடலுக்குத் திரும்பிவிடுவார்களாம்,
இன்னஸ் சொல்கிறான்.
மீன்வாடையோடு சிலர்
முடி வெட்டிக்கொள்ளாமலே
வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன வாரம் வந்தவனுக்கு முழு வழுக்கை.
இன்னஸ் துண்டை உதறிப் போர்த்தினான்,
வெந்நீர் வைத்தான்.
மோர்வன் தன் நாற்காலியைக்
கண்ணாடிக்குள் தெரியும்படி
கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.